உறைதலும் இறுகுதலும்: குளிர்நாட்டில் ஓர் அச்சுத்தளம்

இவ்வுரையின் தலைப்பைக் கண்டதும், மொழிக்கான மேடையில் கொத்தனார் வேலைக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் தொடக்கத்திலேயே விடை கூறிவிடுகிறேன். ஒரு மொழியின் தொழிற்சொற்கள், அம்மொழி வழங்கிய நிலத்தின் வெயிலிலும் மழையிலும் உருவானவை. ஒரு தொழில் வேறொரு தட்பவெப்பத்துக்குப் பெயரும்போது அதன் சொற்களும் உடன் பெயர்கின்றன. புதிய இடத்திலும் அவை பழைய பொருளையே சொல்லிக்கொண்டிருந்தால் வேலை பிழைபடும், பொருளிழப்பும் நேரும். இதனைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட பொருள், பனி பெய்யும் நாடுகளில் வீட்டு முற்றத்திலும் வாகனப்பாதையிலும் போடப்படும் அச்சுப் பதித்த கான்கிரீட் தளம்.

நான் வாழும் புக்கிட் மேரா வட்டாரத்தின் பெயருக்கு மலாய் மொழியில் செம்மலை என்று பொருள். அந்தச் செம்மண்ணில் பெரும்பகுதியை இன்று கான்கிரீட் மூடியிருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளம், கூரையிட்ட நடைபாதை, வாகன நிறுத்துமிடம் என எங்கு நடந்தாலும் நம் காலடியில் இருப்பது அதுவே. சிங்கப்பூரில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதே அரிது. ஆகவே கான்கிரீட்டுக்குப் பனியால் கேடு வரும் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. ஆனால், 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்த தமிழர்கள் வேரூன்றிய டொராண்டோ மாநகரில், நிலம் ஒவ்வோர் ஆண்டும் உறைந்து இளகுகிறது. அங்கே வீடு வாங்கும் தமிழ்க் குடும்பம், வீட்டு வாசலில் போடும் தளத்தைப் பற்றித் தமிழில்தான் பேசுகிறது. அப்பேச்சில் வழங்கும் மூன்று வினைச்சொற்களை இங்கே ஆராய்வோம்: பதித்தல், காய்தல், உறைதல்.

1. பதித்தல்

முதலில் பொருளின் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கான்கிரீட்டுக்குக் கற்காரை என்னும் பெயரைத் தமிழறிஞர் வழங்கியுள்ளனர். பைஞ்சுதை என்பாரும் உண்டு. கற்காரை என்பது நல்ல ஆக்கம். காரை என்பது நம் கொத்தர்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். அதனோடு கல், அதாவது சல்லி, சேர்ந்தால் கற்காரை. பொருளின் உட்கூறே அதன் பெயராக அமைந்துவிடுகிறது.

கற்காரை கெட்டிப்படுவதற்கு முன், பாறை, செங்கல், மரப்பலகை ஆகியவற்றின் வடிவத்தைத் தாங்கிய அச்சுப் பாய்களை அதன் மேல் வைத்து அழுத்தி, அவ்வடிவம் தோன்றச் செய்வதே நாம் பேசும் தொழில்நுட்பம். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இது ஒரு தனித்தொழிலாக வளர்ந்தது. அக்காலத்தில் உலோகத்தாலான கனத்த அச்சுகள் பயன்பட்டன. இப்போது பாலியூரித்தேன் என்னும் நெகிழ்வான பொருளாலான பாய்கள் பயன்படுகின்றன. இவ்வாறு அமைந்த தளத்தை இவ்வுரையில் ‘அச்சுத்தளம்’ என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

‘அச்சுப் பதித்த தளம்’ என்னும்போது ஒரு சிக்கல் எழுகிறது. பதித்தல் என்னும் வினைக்கு இரு பொருள் உண்டு. காலடி பதிகிறது, முத்திரை பதிக்கிறோம் என்னும்போது மென்மையான ஒன்றில் வடிவம் உண்டாவதைச் சொல்கிறோம். மோதிரத்தில் கல் பதிக்கிறோம், தரையில் ஓடு பதிக்கிறோம் என்னும்போது ஒரு பொருளை இன்னொன்றில் பொருத்துவதைச் சொல்கிறோம். ஆகவே ‘கல் பதித்த முற்றம்’ என்று ஓர் ஒப்பந்தக்காரர் கூறினால், அவர் தனித்தனிக் கட்டைகளை மணல்மீது அடுக்கித் தருவாரா, ஒரே பாளமாகக் கற்காரை போட்டு அதில் கல்லின் தோற்றத்தை அழுத்தித் தருவாரா என்பது விளங்காது.

வெப்பநாட்டில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தோற்றத்தையும் செலவையும் பொறுத்தது. குளிர்நாட்டில் அது தளத்தின் வாழ்நாளையே பொறுத்தது. தனிக்கட்டைகள் நிலம் உயரும்போது தாமும் சற்று உயர்ந்து, பின்னர்த் தாழும். கோணலானால் எடுத்து மீண்டும் அடுக்கலாம். அச்சுத்தளமோ ஒரே உடல். நிலம் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் நின்றால் அது வெடிக்கும். வெடித்த பாளத்தை ஒட்டினால் நிறமும் கோலமும் பொருந்துவது அரிது. பெயரில் உள்ள தெளிவு வீட்டுக்காரரின் பணத்தைக் காக்கும் என்பதற்கு இதுவே முதற்சான்று.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சாந்தை ஊற்றுகின்றனர். அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டுக் கல்லாக்கி, நீரில் ஊறவைத்து எடுக்கின்றனர். அங்கே கோலம் ஊற்றப்படுகிறது. அச்சுத்தளத்தில் அது அழுத்தப்படுகிறது. முன்னது பட்டறையில் முடிந்துவிடும் வேலை. பின்னது திறந்தவெளியில், அன்றைய வானிலையின் கையில் உள்ள வேலை.

2. காய்தல்

அடுத்த சொல் காய்தல். ‘தளம் காய்ந்துவிட்டது, நடக்கலாம்’ என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். இச்சொல் கட்டட வேலைக்குள் வந்த வழியை அறிந்தால், அதன் தகுதியையும் குறையையும் உணரலாம்.

சிமெண்டுக்கு முன் நம் கொத்தர்களின் கையில் இருந்தது சுண்ணாம்பு. போர்ட்லாந்து சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆண்டு 1824. அதன்பின்னும் நெடுங்காலம் சுண்ணாம்பே ஆண்டது. நம் நகரத்திலேயே அதற்குச் சிறந்த சான்று உள்ளது. செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தின் இன்றைய கட்டடம் 1856க்கும் 1861க்கும் இடையே எழுப்பப்பட்டு 1862இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அதனைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை இத்தீவின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்களது உழைப்பு கலந்திருக்கிறது. அவர்களை மேற்பார்த்த மெக்னேர், 1899இல் வெளிவந்த நூலில், அத்தேவாலயத்தின் உட்சுவருக்குப் பூசிய ‘மெட்ராஸ் சுனாம்’ என்னும் சாந்தின் செய்முறையைப் பதிவு செய்துள்ளார். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, வெல்லம் ஆகியவற்றை அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துச் சுவரில் பூசுவர். அது காய்ந்தபின் உருண்டைக் கற்களால் தேய்த்து, மாக்கல் பொடி தூவி, கண்ணாடிபோல் பளபளக்கச் செய்வர்.

‘சுனாம்’ என்று ஆங்கிலேயர் வழங்கியது நம் சுண்ணமே. அச்சொல்லின் மூலம் வடமொழியின் சூர்ணம் என்பது அறிஞர் கருத்து. சென்னை மாநிலத்துச் சொல்லும் தொழிலும் கடல் கடந்து, சிங்கப்பூரின் சுவரில் ஒன்றாகப் படிந்தன. தட்பவெப்பம் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததால் சொல்லும் செயலும் பிசகாமல் பொருந்தின.

சுண்ணாம்புச் சாந்து தன் நீரை இழந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது. ஆகவே அதைக் காய்கிறது என்பது பாதிக்கு மேல் உண்மை. மண்சுவரும் அவ்வாறே காய்கிறது. சிமெண்டின் இயல்பு வேறு. சிமெண்டு நீரோடு வேதிவினை புரிந்து, நீரைத் தன் உடலின் ஒரு கூறாக்கிக்கொண்டு கெட்டிப்படுகிறது. ஏறத்தாழத் தன் எடையில் கால் பங்கு நீரை அது இவ்வினைக்காகவே எடுத்துக்கொள்ளும். நீர் ஆவியாகிப் போய்விட்டால் வினை நின்றுவிடும், கற்காரை வலுவிழக்கும். சுருங்கச் சொன்னால், சுண்ணாம்பு காய்ந்து கல்லாகும். சிமெண்டு ஈரத்தில் இருந்து கல்லாகும்.

தமிழகத்துக் கொத்தனார் இதனை அனுபவத்தால் அறிந்தவர். மேல்தளம் போட்ட மறுநாள் அதன்மேல் பாத்தி கட்டி நீர் தேக்குகிறார். தூண்களில் ஈரச் சாக்கைச் சுற்றுகிறார். ஆனால் வாயால் சொல்லும்போது ‘காயணும்’ என்கிறார். கை ஒன்றைச் செய்கிறது; வாய் இன்னொன்றைச் சொல்கிறது. அனுபவமுள்ளவருக்கு இதனால் தீங்கில்லை. கையால் செய்து பழகாமல், சொல்லைமட்டும் கேட்டுத் தொழில் கற்பவருக்கும், பணம் கொடுத்து வேலை வாங்கும் வீட்டுக்காரருக்கும் தீங்குண்டு.

3. உறைதல்

மூன்றாவது சொல்லே இவ்வுரையின் மையம். பாலில் மோர் சேர்த்தால் தயிர் உறைகிறது. காயத்தில் இரத்தம் உறைகிறது. நெய் குளிரில் உறைகிறது. நீர் பனிக்கட்டியாக உறைகிறது. இளகிய பொருள் நிலைபெற்ற பொருளாக மாறும் எல்லா இடத்துக்கும் தமிழ் இவ்வொரு வினையை வழங்குகிறது. தங்கி வாழ்தலையும் உறைதல் என்றே சொல்கிறோம். இயல்பாகவே, ஈரக் கற்காரை கெட்டிப்படுவதையும் சிலர் உறைதல் என எழுதுகின்றனர். நீர் உறையாத நாட்டில் இதில் குழப்பம் எழ வழியில்லை.

குளிர்நாட்டின் நிலை வேறு. அங்கே ஓர் அச்சுத்தளம் இருவகையில் உறையக்கூடும். சிமெண்டும் நீரும் வினைபுரிந்து கெட்டிப்படுவது ஒன்று. அது தளத்தை உருவாக்குகிறது. உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாவது மற்றொன்று. அது தளத்தை அழிக்கிறது. ஆக்கத்துக்கும் அழிவுக்கும் ஒரே சொல்லை வழங்கிக்கொண்டு பாதுகாப்பான ஒரு செய்முறையை எழுத முடியாது. ‘தளம் உறையும்வரை மூடிவைக்கவும்’ என்னும் தொடரை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

அழிவு நேரும் வழியைச் சற்று விரிவாகக் காண்போம். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. போட்ட முதல் நாளிலேயே கற்காரை உறைந்துவிட்டால், இன்னும் பிணைப்பு ஏற்படாத அதன் உட்பகுதியைப் பனித்துகள்கள் பிளந்துவிடும். பின்னர் வெயில் வந்தாலும் அது தன் இறுதி வலிமையில் பாதி வரை இழந்திருக்கக்கூடும். எனவே, கற்காரை 3.5 மெகாபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 கிலோகிராம் எடை தாங்கும் வலிமையை எட்டும்வரை, அது ஒருமுறைகூட உறைய விடக்கூடாது என்பது பொறியியல் விதி.

கெட்டிப்பட்ட பின்னும் போராட்டம் ஓய்வதில்லை. கற்காரை கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. மழைநீரும் பனி உருகிய நீரும் அவற்றுள் புகும். இரவில் உறைந்து, பகலில் இளகி, மறுபடி உறையும் இச்சுழற்சி ஒரு குளிர்காலத்தில் பலமுறை நிகழும். ஒவ்வொரு முறையும் நுண்துளையின் சுவர் அழுத்தம் தாங்குகிறது. தாங்க முடியாதபோது மேற்பரப்பு செதில் செதிலாக உரியத் தொடங்குகிறது. அச்சுத்தளத்தில் நிறமும் கோலமும் மேற்பரப்பிலேயே இருப்பதால், உரிதல் அதன் அழகையே பறித்துவிடும்.

இதற்கு மருந்து 1930களில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. சில சாலைப் பகுதிகள் மட்டும் பனியை நன்கு தாங்கி நின்றன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கான சிமெண்டை அரைக்கையில் கொழுப்புப் பொருள் சேர்க்கப்பட்டிருந்ததும், அதனால் கற்காரைக்குள் எண்ணற்ற நுண்குமிழிகள் உண்டாகியிருந்ததும் தெரியவந்தன. உறையும் நீருக்கு ஒதுங்க இடம் கொடுத்து அக்குமிழிகள் அழுத்தத்தைத் தணிக்கின்றன. இன்று அதற்கெனத் தனி வேதிப்பொருளைச் சேர்த்துக் கலக்கின்றனர். வாகனப்பாதைபோல் பனியும் உப்பும் படும் தளங்களுக்குக் கனடாவின் தரவிதி மூன்று அளவுகளை வகுக்கிறது: வலிமை குறைந்தது 32 மெகாபாஸ்கல், நீரின் எடை சிமெண்டுப் பொருளின் எடையில் 0.45 பங்குக்கு மிகாமை. காற்றுக்குமிழி 5 முதல் 8 விழுக்காடு. பணி தொடங்குமுன் வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டிய மூன்று எண்கள் இவை.

4. தளம் அமையும் முறை

இனி வேலையை வரிசையாகக் காண்போம். முதலில் மண். வண்டல் கலந்த மண் கீழிருந்து ஈரத்தை ஈர்த்து, உறையும்போது பனிப்படலங்களை உண்டாக்கி மேலே எழும்பும். டொராண்டோ வட்டாரத்தில் உறைபனி ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழம்வரை இறங்கும் என்று கொண்டே அடித்தளங்கள் அமைக்கப்படுகின்றன. முற்றத்துக்காக அவ்வளவு ஆழம் தோண்டுவதில்லை. மேல்மண்ணை நீக்கி, 150 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உடைகல் பரப்பி, படிப்படியாக இறுக்குகின்றனர். நீர் தேங்காமல் வடிந்துவிட்டால் உறைவதற்கு எதுவும் இராது. இதே நோக்கில், தளத்தின் மேற்பரப்பும் வீட்டிலிருந்து விலகி 100க்கு 2 என்னும் அளவில் சரிந்திருக்க வேண்டும்.

தளத்தின் தடிப்பு, முற்றத்துக்குக் குறைந்தது 100 மில்லிமீட்டர். வாகனப்பாதைக்கு 125 முதல் 150 வரை. கம்பி வலையைப் பாளத்தின் நடு உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி தாங்கிகள்மீது வைக்க வேண்டும். மண்ணோடு படிந்து கிடக்கும் கம்பியால் பயனில்லை. கற்காரை சுருங்கும்போது வெடிப்பது இயல்பு. எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாமே முன்கூட்டி வகுப்பதுதான் இணைப்புக்கோடு. 100 மில்லிமீட்டர் தளத்துக்கு 2.4 முதல் 3 மீட்டர் இடைவெளியில், தடிப்பில் கால் பங்கு ஆழத்துக்கு அதை வெட்டுவர். தேர்ந்த தொழிலாளர் கல் வடிவத்தின் கோடுகளோடு அதனைப் பொருத்தி மறைப்பர். வீட்டுச் சுவரோடு தளம் ஒட்டாமல், இடையே நெகிழ்வான பட்டை ஒன்றை வைப்பர்.

வானிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்றால், குளிர்காலக் கற்காரைக்குரிய ஏற்பாடுகள் தேவை. உறைந்த மண்ணின்மேல் ஒருபோதும் கற்காரை ஊற்றக்கூடாது. மண் இளகும்போது தளம் அமிழ்ந்துவிடும். வெந்நீர் கொண்டு கலத்தல், விரைவில் இறுகச் செய்யும் சேர்மம் சேர்த்தல் ஆகியவை வழக்கில் உள்ளன. ஆனால் கால்சியம் குளோரைடு என்னும் மலிவான சேர்மம் வண்ணத் தளத்தில் திட்டுத்திட்டாக நிறம் மாறச் செய்யும், கம்பியையும் அரிக்கும். வீட்டு முற்றம் அவசரப் பணியன்று. இளவேனிலின் பிற்பகுதியிலிருந்து இலையுதிர்காலத்தின் தொடக்கம் வரை உள்ள மாதங்களில் செய்துகொள்வதே அறிவுடைமை.

ஊற்றிச் சமன்செய்த கற்காரையில் நீர் மேலே கசியும். அந்நீர் மறையுமுன் மேற்பரப்பைத் தேய்ப்பதோ, வேலை எளிதாகட்டும் என்று மேலும் நீர் தெளிப்பதோ பெரும்பிழை. மேலடுக்கில் நீர் மிகுந்து அது மெலிந்துபோகும். உரிதல் அங்கேதான் தொடங்கும். எஃகுக் கரணையால் அழுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் வேண்டா. அது மேலடுக்கின் காற்றுக்குமிழிகளை வெளியேற்றிவிடும். தேவாலயச் சுவரில் கைதிகள் தேய்த்துத் தேய்த்துக் கண்ட மெருகு, பனிநாட்டுத் திறந்தவெளித் தளத்தில் குறையாக மாறிவிடுகிறது.

நீர் மறைந்தபின் நிறப்பொடியைத் தூவி மரக்கட்டையால் தேய்ப்பர். நிறத்தைக் கற்காரையோடு முன்பே கலந்துவிடுவதும் உண்டு. மேற்பரப்பு சற்றுத் தேய்ந்தாலும் நிறம் மாறாமல் இருப்பது இம்முறையின் நன்மை. அதன்மேல் அச்சு ஒட்டாமலிருக்க ஒரு பொடியையோ நீர்மத்தையோ இடுவர். பின்பு அச்சுவேளைக்குக் காத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சுமார் 5 மில்லிமீட்டர் குழி விழ வேண்டும். விரலில் சாந்து ஒட்டக்கூடாது. அதற்கு முன் அழுத்தினால் வடிவம் குழையும்; பிந்தினால் பதியாது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதால், நிழலில் உள்ள மூலையும் வெயில்படும் மூலையும் ஒரே வேளையில் பதத்துக்கு வருவதில்லை. பாகு காய்ச்சுபவர் கம்பிப்பதம் பார்ப்பதுபோல், இங்கே விரல்தான் அளவுகோல்.

5. முதற்குளிர்காலம்

அச்சுப் பாய்களை எடுத்தவுடன் தளம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் அது தன் வலிமையைப் பெறத் தொடங்குகிறது. பொறியாளர் 28 நாள் வலிமையையே அளவாகக் கொள்வதற்குக் காரணம் இதுதான். ஒட்டாப்பொடியைக் கழுவி நீக்கிய பின், தளம் முதிர்ந்ததும் காப்புப்பூச்சு பூசுவர். வழுக்காமலிருக்க அதில் நுண்மணல்போன்ற பொருளைக் கலப்பது நன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பூச்சைப் புதுப்பிக்க வேண்டும்.

ஸ்கார்பரோவில் வாழும் என் சகோதரி மகன், அக்டோபர் மாதக் கடைசியில் தன் வாகனப்பாதையில் அச்சுத்தளம் போட்டுக்கொண்டான். ஒப்பந்தக்காரர் மூன்றாம் நாள் வந்து பார்த்து, ‘காய்ந்துவிட்டது’ என்று சொல்லி மீதிப் பணத்தைப் பெற்றுச் சென்றார். போர்வையும் இல்லை, பூச்சும் இல்லை. டிசம்பரில் பனி பெய்தபோது வழக்கம்போல் உப்புத் தூவினார்கள். ஏப்ரலில் தளத்தின் மேல்தோல் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்திருந்தது. “காய்ந்துவிட்டது என்றுதானே மாமா சொன்னார்கள்?” என்று தொலைபேசியில் கேட்டான். அவர்கள் சொன்னது பொய்யன்று. தொட்டுப் பார்த்தால் தளம் காய்ந்துதான் இருந்தது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அது இறுகி வலுப்பெற்றதா என்பது.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். உப்பு பனியை உருக்குகிறது. உருகிய நீர் துளைகளுள் புகுந்து மீண்டும் உறைகிறது. சுழற்சிகள் கூடுகின்றன. மேலும், உப்புநீர் தளத்தை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது. புதிய தளத்தில் முதற்குளிர்காலத்தில் உப்பைத் தவிர்த்து மணல் தூவுவதே பாதுகாப்பு. அம்மோனியம் நைட்ரேட்டு, அம்மோனியம் சல்பேட்டு ஆகியவை கலந்த பனிநீக்கிகள் கற்காரையையே வேதிமுறையில் அரிக்கும். எக்காலத்திலும் அவை ஆகா. பனியை வாரும்போது உலோக விளிம்புள்ள கருவிகளை விடுத்துப் பிளாஸ்டிக் அகப்பையைக் கொண்டால் கோலம் கீறாது.

6. சொல்லுக்கும் ஒரு தட்பவெப்பம்

இப்போது சொல்லாய்வுக்குத் திரும்புவோம். கெட்டிப்பட்டுவரும் கற்காரையைப் பேணும் பணியைத் தொழிலாளர் ‘கியூரிங்’ என்றும் ‘தண்ணி விடுதல்’ என்றும் சொல்கின்றனர். தமிழ் நூல்களில் நீராற்றுதல் என்னும் சொல் வழங்குகிறது. நம் வெயிலுக்கு அது பொருத்தமான சொல். நீர் ஊற்று என்னும் கட்டளை அதன் உள்ளேயே இருக்கிறது. ஆனால் குளிர்நாட்டின் பின்பருவத்தில், புதிய தளத்தின்மேல் நீர் ஊற்றினால் இரவில் அதுவே உறைந்து கெடுக்கும். அங்கே செய்ய வேண்டியது, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காப்பதும், வேதிவினையால் எழும் வெப்பத்தை வெப்பக்காப்புப் போர்வையால் பிடித்துவைப்பதும் ஆகும். நம் சொல் செயலின் நோக்கத்தை விட்டு, நம் நாட்டு வழிமுறையைப் பெயராக்கிக்கொண்டது. ஈரங்காத்தல் என்றால் நோக்கம் பெயராகும். சிங்கப்பூரில் நீர் ஊற்றியும் டொராண்டோவில் போர்வை போர்த்தியும் அதனை நிறைவேற்றலாம்.

இவ்வாறே மற்ற சொற்களையும் வரையறுக்கலாம். குழைவான கற்காரை தன் குழைவை இழக்கும் முதற்சில மணிநேர மாற்றம் இறுகுதல். அதன்பின் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் வலிமை கூடுவது வலுப்பெறுதல். மேற்பரப்பின் ஈரம் ஆவியாவது மட்டுமே காய்தல். நீர் பனிக்கட்டியாவது பனியுறைதல். ‘பனி’ என்னும் முன்னடை சேர்ந்ததும் ஐயத்துக்கு இடமில்லை. இவற்றுள் புதிதாகப் படைத்த வேர் ஒன்றும் இல்லை. நம் வீட்டிலும் வயலிலும் வழங்கும் சொற்களுக்கு எல்லை வகுத்திருக்கிறோம், அவ்வளவே.

கலைச்சொல்லாக்கம் என்றால் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்துவது என்று பலர் எண்ணுகின்றனர். அதற்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. எந்த இரு செயல்களைப் பிரித்துச் சொல்லாவிட்டால் வேலை கெடும் என்று கண்டறிவதே அது. அதனை அகராதி மட்டும் நமக்குச் சொல்லித் தராது. வேலை செய்பவரின் கையைக் கவனிக்க வேண்டும். பாத்தி கட்டி நீர் தேக்கும் கொத்தனாரின் கை, ‘காயணும்’ என்னும் அவரது சொல்லைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. மொழியியலார் படிக்க வேண்டிய உரை அந்தக் கையும்தான்.

இது தொலைநாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்க இயலாது. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். பாதுகாப்பு அறிவிப்புகள் தமிழிலும் ஒட்டப்படுகின்றன. தாங்குசட்டங்களை எப்போது அகற்றலாம் என்னும் குறிப்பில், ‘காய்ந்தபின்’ என்பதற்கும் ‘போதிய வலுப்பெற்றபின்’ என்பதற்கும் இடையே உள்ள தூரம், கீழே நிற்பவரின் உயிரைப் பொறுத்தது. அத்தகைய அறிவிப்புகளை நாளை மொழிபெயர்க்கப் போகிறவர்கள் இன்று உங்கள் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்களே.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாக, ஒரு தொழிலின் பத்து வினைச்சொற்களை, அத்தொழிலைச் செய்பவரிடமே கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கட்டடத் தொழிலாளி, தையற்காரர், சமையற்காரர் என யாராயினும் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அச்சொல்லைச் சொல்லும்போது அவர் கை என்ன செய்கிறது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். சொல்லும் செயலும் விலகும் இடங்களில் அடிக்கோடிடட்டும். அவ்விடங்களிலிருந்தே நம் கலைச்சொற் பணியைத் தொடங்கலாம்.